பேன் மருந்தின் இரண்டாவது தேதி

மருந்துக் கடையில் பேன் மருந்து வாங்கினால் பெட்டிக்குள் எட்டாய் மடித்த ஒரு தாள் இருக்கும். எத்தனை நிமிடம் ஊறவிட வேண்டும், கண்ணில் படாமல் எப்படி அலச வேண்டும் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கும். கடைசியில், ஒரு வாரம் பத்து நாள் கழித்து மறுபடியும் போடச் சொல்லும் ஒரு வரியும் பெரும்பாலும் இருக்கும். பல வீடுகளில் நிறைவேறாமல் போவது அந்த ஒரு வரிதான். முதல் நாள் மருந்துக்கே பேன் செத்து வெள்ளைத் துணியில் உதிர்வதைப் பார்த்ததும் நிம்மதி வந்துவிடுகிறது. பாதிப் புட்டி மருந்து அலமாரிக்குப் போய்விடுகிறது. பத்துப் பதினைந்து நாள் கழித்துப் பிள்ளை மறுபடி தலையைச் சொறியும்போது வீட்டில் மூன்று விதமாகப் பேச்சு எழும். மருந்து சரியில்லை என்பார் ஒருவர். பக்கத்தில் உட்காரும் பிள்ளையிடமிருந்து வந்திருக்கும் என்பார் இன்னொருவர். ஒழுங்காகத் தலைக்குக் குளித்தால்தானே என்று பிள்ளையையே திட்டுவார் மூன்றாமவர். முதல் இரண்டிலும் சில சமயம் உண்மை இருக்கும். மூன்றாவதில் அநேகமாக எதுவும் இல்லை. ஆனால் இந்த மூன்றையும் விட அடிக்கடி நடப்பது வேறு. மருந்து போட்ட நாளுக்கும் பேனின் வளர்ச்சி நாளுக்கும் பொருத்தம் இல்லாமல் போகிறது. பேன் முட்டையிலிருந்து வெளிவந்து, வளர்ந்து, தானே முட்டையிடுவதற்கு ஒரு நாள் கணக்கு உண்டு. அதைத் தெரிந்துகொண்டால் பெரும்பாலான வீடுகளில் சாதாரண மருந்தும் நல்ல சீப்புமே போதும். தெரியாவிட்டால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய மருந்தும் அரைகுறையாகவே முடியும்.

ஈரிலிருந்து தொடங்குவோம். முட்டையிடும் நேரம் வந்ததும் தாய்ப்பேன் முடியின் அடிக்கு, தலைத்தோலை ஒட்டிய இடத்துக்கு இறங்கி வருகிறது. காதின் பின்புறமும் பிடரியும் அதற்கு மிகவும் பிடித்த இடங்கள். அங்கே ஒரு முடியைப் பற்றிக்கொண்டு, உடலிலிருந்து பசையைச் சுரந்து, அந்தப் பசை முடியைச் சுற்றி உறைபோலப் படியும்போது அதன்மேல் ஒரு முட்டையைச் சாய்வாகப் பதிக்கிறது. ஒரு முடிக்கு ஒரு முட்டை என்பதே வழக்கம். பேன் அதிகமான தலையில் ஒரே முடியில் இரண்டு மூன்றையும் பார்க்கலாம். பசை இறுகிவிட்டால் தண்ணீருக்கும் அசையாது, ஷாம்புக்கும் அசையாது. வினிகரில் நனைத்தால் கழன்றுவிடும் என்று சொல்லப்படுவதற்கும் நல்ல சான்று இல்லை. முடியும் புரதம், பசையும் புரதம் என்பதால், பசையைக் கரைக்கிற எதுவும் முடியையும் சேர்த்தே பதம் பார்த்துவிடும். முட்டையின் நீளம் 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. அதன் மேல்முனையில் நுண்ணிய துளைகள் கொண்ட ஒரு மூடி இருக்கிறது. உள்ளே வளரும் கரு அந்தத் துளைகள் வழியாகத்தான் மூச்சு விடுகிறது. அது வளரத் தேவையான சூடு நம் தலைத்தோலிலிருந்து கிடைக்கிறது. இப்படி 7 முதல் 10 நாள். இந்த நாட்களில் அது நகர்வதில்லை, ரத்தம் குடிப்பதில்லை. முதல் சில நாட்களுக்கு அதற்கு நரம்பு மண்டலமே உருவாகியிருக்காது. கடைகளில் கிடைக்கும் பேன் மருந்துகளில் பெரும்பாலானவை பூச்சியின் நரம்பைத் தாக்கிக் கொல்பவை. நரம்பே இல்லாத ஒன்றிடம் அந்த மருந்துக்கு என்ன வேலை?

பொரிக்கும் விதமும் விசித்திரமானது. உள்ளே இருக்கும் குஞ்சு காற்றை விழுங்கிப் பின்பக்கமாக வெளியேற்றுகிறது. முட்டைக்குள் அழுத்தம் ஏறி மூடி திறந்துகொள்ள, குஞ்சு வெளியே தள்ளப்படுகிறது. வெற்று ஓடு முடியிலேயே ஒட்டியபடி நின்றுவிடும். வெளியே வந்த குஞ்சுப் பேன் குண்டூசித் தலையளவுதான் இருக்கும், நிறமும் இருக்காது. ரத்தம் குடித்த பிறகுதான் வயிற்றில் செந்நிறம் தெரியும். அது மூன்று முறை தோலுரித்து, 9 முதல் 12 நாட்களில் முழுப் பேனாகிறது. முழுப் பேனும் எள்ளளவுதான், 2 முதல் 3 மில்லிமீட்டர். ஆறு கால்களின் முனையிலும் முடியை இறுகப் பற்றுவதற்கென்றே அமைந்த கொக்கிகள் உண்டு. அதற்கு இறக்கை கிடையாது, தாவவும் வராது; ஆனால் காய்ந்த முடியில் நிமிடத்துக்கு 23 சென்டிமீட்டர் வரை ஓடும். இணை சேர்ந்த ஓரிரு நாளில் பெண் பேன் முட்டையிடத் தொடங்கி, நாளொன்றுக்கு 8 வரை இடும். தலையிலேயே இருந்தால் சுமார் ஒரு மாதம் உயிர் வாழும். ஈரைப் பேனாக்கிப் பேனைப் பெருமாளாக்குவது என்று சிலரைக் கேலி செய்கிறோம். ஈர் பேனாவதற்கு யாருடைய சாமர்த்தியமும் வேண்டாம், மூன்று வாரம் சும்மா விட்டால் போதும். முட்டை இட்ட நாளிலிருந்து, அதிலிருந்து வந்த பேன் தன் முதல் முட்டையை இடும் நாள் வரையிலான காலம் ஏறக்குறைய அவ்வளவுதான்.

இந்தக் கணக்கோடு அரிப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பேன் கடிப்பதால் உடனே அரிப்பதில்லை. ரத்தம் குடிக்கும்போது அது உள்ளே விடும் எச்சில் நம் உடலுக்கு ஒவ்வாமல் போவதால்தான் அரிக்கிறது. முதன்முறையாகப் பேன் பிடித்தவருக்கு அந்த ஒவ்வாமை உருவாக 4 முதல் 6 வாரம்கூட ஆகலாம். முன்பே பேன் பிடித்து அனுபவப்பட்ட தலையில் ஓரிரு நாளிலேயே அரிப்பு வந்துவிடும். ஆக, முதல் தடவையாக ஒரு குழந்தை தலையைச் சொறிகிறது என்றால், வந்து சேர்ந்த பேனின் பிள்ளைகளே வளர்ந்து முட்டையிடத் தொடங்கியிருக்கும் என்று வைத்துக்கொள்ளலாம். நேற்று யாரோடு விளையாடினாய், முந்தாநாள் யார் வீட்டில் படுத்தாய் என்ற விசாரணைகள் பலனில்லாமல் போவது இதனால்தான். ஒட்டிய நாள் ஒரு மாதத்துக்கு முன்னால் எங்கோ இருக்கிறது. அதைவிட முக்கியம், அரிப்பை வைத்து மருந்தின் வெற்றியை அளக்கக் கூடாது என்பது. பேனெல்லாம் செத்த பிறகும் சில நாள் அரிப்பு இருக்கலாம். அரிப்பு நின்ற பிறகும் ஈர் உயிரோடு இருக்கலாம். நம் உணர்வு ஒரு காலத்தில் ஓடுகிறது, பேன் இன்னொரு காலத்தில் ஓடுகிறது.

இப்போது மருந்து போடும் நாளை முதல் நாள் என்று சொல்லாமல் பூஜ்ய நாள் என்று வைத்துக் கணக்குப் போடுவோம். நல்ல மருந்து, சரியாகப் போட்டாயிற்று, நடமாடும் பேன் அத்தனையும் அன்று செத்தன என்றே கொள்வோம். தலையில் மிஞ்சியது ஈர். அதில் அன்று காலையில்தான் இட்ட முட்டையும் இருக்கும், அன்று மாலையே பொரிக்கவிருப்பதும் இருக்கும். அன்றைக்கே பொரிப்பது ஒன்பதாவது நாளுக்கு முன்னால் முழுப் பேனாகாது. அன்று காலையில் இட்டதோ பத்தாவது நாள் வரைகூடப் பொரிக்காமல் கிடக்கலாம். ஆகவே எல்லாம் பொரித்து முடிந்து, எதுவும் இன்னும் முட்டையிடாமல் இருக்கும் ஒரு குறுகிய இடைவெளி ஒன்பதாவது நாளையொட்டி வருகிறது. பெர்மெத்ரின் மருந்தை இரண்டாம் முறை போட ஒன்பதாம் நாளே உகந்தது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் சொல்வதற்குப் பின்னால் இருப்பது இந்தக் கணக்குத்தான். இடைவெளி அவ்வளவு குறுகலாக இருப்பதால், ஈரைக் கொல்லாத மருந்துகளுக்கு மூன்று முறை போடும் திட்டமும் முன்வைக்கப்பட்டிருக்கிறது: பூஜ்ய நாள், 7-ஆம் நாள், பிறகு 13 முதல் 15-க்குள் ஒரு நாள். ஏழாம் நாள் போடும்போது அதுவரை பொரித்தவை எல்லாம் குஞ்சுகளாகவே மாட்டிக்கொள்ளும். அதன் பிறகு பொரித்தவற்றில் மூத்ததற்கும் பதினைந்தாம் நாளில் எட்டு நாள் வயதுதான். அதற்குள் அது முட்டையிட முடியாது. இதைப் புரிந்துகொண்டால் வீடுகளில் செய்யும் இரண்டு தவறுகளும் தாமாகவே விளங்கும். அவசரப்பட்டு மூன்றாம் நாளே மறுபடி மருந்தைக் கொட்டுவதில் பலனில்லை, ஏனென்றால் ஈரில் பெரும்பகுதி இன்னும் பொரித்திருக்காது. மூன்று வாரம் கழித்து நினைவு வந்து போடுவது புதிதாகத் தொடங்குவதற்குச் சமம், ஏனென்றால் அதற்குள் அடுத்த தலைமுறை ஈர் ஒட்டியாகிவிட்டது.

வெறும் கணக்கு என்று ஒதுக்கிவிடாமல் இருக்க மாத்திரையின் கதையைப் பார்க்கலாம். ஐவர்மெக்டின் மாத்திரையை விழுங்கினால் மருந்து ரத்தத்தில் கலக்கிறது, ரத்தம் குடிக்கும் பேன் சாகிறது. தேய்க்க வேண்டாம், ஊறவிட வேண்டாம், காதுமடலுக்குப் பின்னால் விட்டுப்போகும் கவலை வேண்டாம். சாதாரண மருந்துக்கு அடங்காத பேன் உள்ள 812 பேரை வைத்து பிரிட்டன், அயர்லாந்து, பிரான்ஸ், இஸ்ரேல் ஆகிய நாடுகளில் நடந்த ஆய்வு 2010-இல் வெளியானது. பதினைந்தாம் நாள் பார்த்தபோது ஐவர்மெக்டின் எடுத்தவர்களில் 95 சதவீதத்தினர் தலையில் பேன் இல்லை. மாலத்தியான் என்ற மருந்தைத் தேய்த்தவர்களில் 85 சதவீதம். இவ்வளவு வலுவான மாத்திரையையும் அந்த ஆய்வில் ஒரே வேளையாகக் கொடுக்கவில்லை. முதல் நாள் ஒரு முறை, எட்டாம் நாள் ஒரு முறை கொடுத்தார்கள். முட்டைக்குள் இருப்பது ரத்தம் குடிப்பதில்லை, அதனால் ரத்தத்தில் இருக்கும் மருந்து அதைத் தொடாது. மருந்து எந்த வழியாகப் போனாலும் ஈரின் நாள் கணக்கிலிருந்து தப்பிக்க முடியவில்லை. (மருத்துவர் எழுதிக் கொடுக்காமல் வீட்டில் எடுத்துக்கொள்ளும் மாத்திரை அல்ல இது, 15 கிலோவுக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கொடுப்பதும் இல்லை.)

எதிர்வாதங்களில் பலமானது ஒன்று உண்டு. பேன் மருந்துக்குப் பழகிவிட்டது, அப்படியிருக்க நாள் பார்த்து என்ன பயன் என்பது. பழகிவிட்டது என்பது உண்மைதான். பெர்மெத்ரின் போன்ற மருந்துகள் பூச்சியின் நரம்பில் சோடியம் நுழையும் வாயிலில் போய் ஒட்டி வேலை செய்பவை. அந்த வாயிலின் அமைப்பை மாற்றும் மரபணு மாற்றங்கள் கொண்ட பேன்கள் உலகின் பல பகுதிகளில் பெருகியிருக்கின்றன. அமெரிக்காவின் 48 மாநிலங்களில் சேகரித்த பேன்களை ஆராய்ந்து 2016-இல் வெளியான ஆய்வில், அந்த எதிர்ப்பு மரபணு சராசரியாக 98 சதவீதம் காணப்பட்டது. ஆனால் ஒரு வீட்டில் மருந்து தோற்றதற்கு எதிர்ப்புத்திறன் காரணமா, தேதி தவறியது காரணமா என்பதை அறிய ஆய்வகம் தேவையில்லை. சீப்பில் வருவதைப் பார்த்தாலே போதும். மருந்து போட்டு அலசி எட்டுப் பன்னிரண்டு மணி நேரம் ஆன பிறகும் பெரிய பேன்கள் முன்போலவே சுறுசுறுப்பாக ஓடினால் அந்த மருந்து அந்தப் பேனைக் கொல்லவில்லை. அதே மருந்தை மறுபடி போடுவதில் அர்த்தமில்லை, வேறு வகைக்கு மாற வேண்டும். அன்று எதுவும் இல்லாமல் இருந்து, ஆறேழு நாளில் குண்டூசித் தலையளவுள்ள சின்னஞ்சிறு பேன்கள் மட்டும் சீப்பில் வந்தால் மருந்து தன் வேலையைச் செய்திருக்கிறது. இவை மிஞ்சிய ஈரிலிருந்து பொரித்தவை. அதே ஆறேழு நாளில் முழு வளர்ச்சியடைந்த ஒரு பெரிய பேன் வந்தால், அது இந்தத் தலையில் பொரித்ததாக இருக்க முடியாது. ஒன்பது நாளுக்குள் எந்த ஈரும் அவ்வளவு பெரிதாவதில்லை. எங்கிருந்தோ வந்து ஏறியிருக்கிறது என்று பொருள். பேனின் அளவே அதன் பிறந்த தேதியைச் சொல்லிவிடுகிறது. வெள்ளைத் துணியும் நல்ல வெளிச்சமும் இருந்தால் அடுப்படியில் நிற்கும் பாட்டியும் படித்துவிடக்கூடிய தேதி.

எல்லா மருந்தும் ஈரிடம் தோற்கிறது என்று சொல்லிவிடவும் கூடாது. அமெரிக்காவில் 2011-இல் அனுமதி பெற்ற ஸ்பினோசாட் ஈரையும் கொல்கிறது. 2012-இல் அனுமதி பெற்ற ஐவர்மெக்டின் தைலம் ஈரைக் கொல்லாவிட்டாலும், மருந்து பட்ட ஈரிலிருந்து வரும் குஞ்சு ரத்தம் குடிக்க முடியாமல் பொரித்த ஓரிரு நாளில் செத்துப்போகிறது. இவற்றுக்குப் பெரும்பாலும் ஒரு முறை போதும். இவை என் வாதத்துக்கு விதிவிலக்கு என்பதைவிட, அந்த நாள் கணக்கை நன்கு படித்து உருவாக்கப்பட்ட மருந்துகள் என்பதே பொருத்தம். டைமெத்திகோன் என்ற சிலிக்கோன் எண்ணெய் வேறு ரகம். அது நரம்பைத் தொடுவதே இல்லை. பேனின் உடலில் உள்ள மூச்சுத் துளைகளை அடைத்து, குடித்த ரத்தத்தின் நீரை வெளியேற்ற முடியாதபடி செய்துவிடுகிறது. மரபணுவை மாற்றிக்கொண்டு அதிலிருந்து தப்புவது பேனுக்கு எளிதல்ல. இருந்தும் அதையும் ஒரு வார இடைவெளியில் இரண்டாம் முறை தடவச் சொல்கிறார்கள்.

வீட்டு வைத்தியத்துக்கும் இதே உரைகல்தான். வேப்பெண்ணெய், வசம்பு, துளசி என்று ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நம்பிக்கை உண்டு. அவற்றில் சில பேனை மந்தமாக்கும், சில கொல்லவும் செய்யும். ஒரு ஞாயிற்றுக்கிழமை தடவிக் குளித்துவிட்டு அடுத்த தீபாவளி வரை மறந்துவிட்டால் ஈர் தன் பாட்டுக்குப் பொரித்துக்கொண்டே இருக்கும். சில வைத்தியங்களில் பேனைவிட ஆபத்து அதிகம். சீதாப்பழ விதையை அரைத்துப் பூசினால் பேன் சாகும் என்பது மெய்தான்; அந்த விழுது கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகிப் பார்வையே கெடலாம். கற்பூரம் குழந்தையின் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரும். மண்ணெண்ணெயைத் தலையில் ஊற்றுவது பற்றிச் சொல்லவே வேண்டாம்; அடுப்பெரியும் வீட்டில் அதைச் செய்வது கொடுமை. நம் பாட்டிமார் விட்டுச்சென்றதில் உண்மையிலேயே பயனுள்ளது தேங்காயெண்ணெயும் பேன் சீப்பும்தான். எண்ணெய் பேனின் ஓட்டத்தைக் குறைக்கிறது, சீப்பை வழுக்கிக்கொண்டு போகச் செய்கிறது. பற்கள் நெருக்கமான சீப்பைத் தலைத்தோலிலிருந்து நுனி வரை, பகுதி பகுதியாகப் பிரித்து வாரி, ஒவ்வொரு இழுப்புக்கும் துணியில் துடைத்துப் பார்க்க வேண்டும். இதையும் தேதி வைத்தே செய்ய வேண்டும்: பிரிட்டனின் பொது மருத்துவத் துறை சொல்லும் கணக்கு 1, 5, 9, 13 ஆகிய நாட்கள். நாலு நாளுக்கு ஒரு முறை வாரினால், இடையில் பொரித்தது எதுவும் பெரிதாவதற்குள் சீப்பில் மாட்டிக்கொள்ளும்.

சீப்பு மட்டும் போதுமா என்ற கேள்விக்கு ஆய்வுகள் ஒரே குரலில் பதில் சொல்லவில்லை. 2000-இல் வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வில், ஏழு நாள் இடைவெளியில் இரு முறை மாலத்தியான் தடவியவர்களில் 78 சதவீதத்தினர் குணமடைந்தார்கள்; ஈரத் தலையில் சீப்பால் வாரியவர்களில் 38 சதவீதம்தான். 2005-இல் வெளியான இன்னொரு பிரிட்டிஷ் ஆய்வில் கதை தலைகீழ்: சீப்பால் வாரியவர்களில் 57 சதவீதம், கடை மருந்து போட்டவர்களில் 13 சதவீதம். ஊருக்கு ஊர் பேனின் எதிர்ப்புத்திறன் வேறு, சீப்பும் ஒன்றல்ல. இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்திப் பார்ப்பது முறையாகாது. சீப்பை நம்புகிறவர் ஒப்புக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு: நீண்ட அடர்ந்த கூந்தலை இரண்டு வாரத்தில் நான்கு முறை, ஒவ்வொரு தடவையும் பொறுமையாக, அழும் குழந்தையை மடியில் பிடித்துக்கொண்டு வாருவது எளிதல்ல. வேலைக்குப் போய்வரும் அம்மாவுக்கு மூன்றாவது முறையில் அலுத்துவிடுவதில் ஆச்சரியமில்லை. மருந்தும் சீப்பும் சேர்ந்தால் இரண்டின் குறையும் பாதியாகும் என்பதே என் கணிப்பு. இஸ்ரேலின் லாகிஷ் என்ற தொல்லியல் களத்தில் 2016-இல் கிடைத்த சிறிய தந்தச் சீப்பு கிறிஸ்துவுக்கு ஏறக்குறைய 1700 ஆண்டுகளுக்கு முற்பட்டது என மதிப்பிடப்படுகிறது. தலையிலும் தாடியிலும் உள்ள பேனை இது ஒழிக்கட்டும் என்று வேண்டும் கானானிய எழுத்துகள் அதில் கீறப்பட்டிருப்பதை 2022-இல் வெளியிட்டார்கள். அந்தச் சீப்பின் பல்லில் ஒட்டியிருந்த பேன் மிச்சத்தை நுண்ணோக்கியில் பார்த்தபோது அது அரை மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகமான குஞ்சுப் பேனின் தோலாக இருந்தது. அந்தச் சீப்புக்காரர் வளர்ந்த பேனை மட்டுமல்ல, குஞ்சையும் விடாமல் வாரியிருக்கிறார்.

வீட்டைக் கழுவித் தள்ளும் வேலைக்கு இனி வருவோம். பேன் என்றதும் பாய், தலையணை, போர்வை எல்லாவற்றையும் வெயிலில் போட்டு, தரைக்குப் பினாயில் ஊற்றித் தேய்க்கும் வீடுகள் உண்டு. ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் ஆரம்பப் பள்ளி மாணவர் 2,230 பேரின் தலையிலிருந்து 14,033 பேன்களைச் சேகரித்தார்கள்; அதே பள்ளிகளின் 118 வகுப்பறைத் தரைகளை உறிஞ்சு கருவியால் துழாவியும் பார்த்தார்கள். தரையில் ஒரு பேன்கூடக் கிடைக்கவில்லை. காரணம் எளிது. பேனுக்கு நாளில் பல முறை ரத்தம் வேண்டும். தலையை விட்டு இறங்கிய பேன் ஓரிரு நாளில் செத்துவிடும். கழன்று விழுந்த ஈரும் தலைச் சூடு இல்லாமல் பொரிக்காது. கடந்த இரண்டு நாளில் பயன்படுத்திய தலையணை உறை, துண்டு, சீப்பு ஆகியவற்றை வெந்நீரில் அலசினால் போதும். மிச்ச நேரத்தை வீட்டில் எல்லோர் தலையையும் பார்ப்பதற்குச் செலவிடலாம். சுத்தக்குறைவால்தான் பேன் வருகிறது என்ற பழைய பேச்சும் இதனோடு போக வேண்டும். தினமும் தலைக்குக் குளித்தாலும் பேன் மூச்சுத் துளைகளை மூடிக்கொண்டு முடியைப் பற்றிக்கொண்டே இருக்கும். தண்ணீரில் சில மணி நேரம் கிடந்தும் பிழைக்கும். தலையும் தலையும் ஒட்டி உட்காருவது, ஒரே பாயில் படுப்பது, ஒரே ஊஞ்சலில் நெருங்கி ஆடுவது ஆகியவைதான் அதற்கு வழி. அதனால்தான் வீட்டில் ஒருவருக்கு இருந்தால் எல்லோர் தலையையும் ஒரே நாளில் பார்த்து, பேன் உள்ளவர்களுக்கெல்லாம் அதே தேதிகளில் மருந்து போட வேண்டும். அக்காவுக்கு இந்த வாரம், தங்கைக்கு அடுத்த வாரம் என்று பிரித்தால் இருவர் கணக்கும் மாறிமாறி ஒருவர் தலையிலிருந்து மற்றவர் தலைக்குப் போய்க்கொண்டிருக்கும். மொட்டையடித்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்பவர்களிடமும் ஒரு வார்த்தை. அது பலிக்கும், ஈர் ஒட்டுவதற்கு முடியே இல்லாமல் போவதால். ஆனால் இரண்டு வாரப் பொறுமையில் தீரும் ஒன்றுக்காகப் பத்து வயதுப் பெண் குழந்தையை அந்த அவமானத்துக்கு ஆளாக்கத் தேவையில்லை.

ஈரைப் பார்த்தே முடிவு செய்வதில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. முடி மாதத்துக்கு ஏறக்குறைய 1 சென்டிமீட்டர் வளரும். முட்டை தலைத்தோலை ஒட்டியே இடப்படுவதால், தோலிலிருந்து 1 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி நிற்கும் ஈர் ஒரு மாதத்துக்கு முந்தியது. அது பொரித்து முடிந்த வெற்று ஓடு அல்லது செத்த முட்டை. தோலிலிருந்து 6 மில்லிமீட்டருக்குள் இருப்பதைத்தான் உயிருள்ளது என்று சந்தேகிக்க வேண்டும் என்று மேலைநாட்டு நூல்கள் சொல்கின்றன. ஆனால் வெயில் மிகுந்த ஊர்களில் காற்றே சூடாக இருப்பதால் தலைத்தோலிலிருந்து நன்றாகத் தள்ளியும் உயிருள்ள ஈர் இருக்கக்கூடும் என்றும் அதே துறையினர் எச்சரிக்கிறார்கள். மதுரையிலோ திருச்சியிலோ சித்திரை வெயிலில் கூந்தலைப் பிரித்துப் பார்ப்பவர் அளவுகோலை மட்டும் நம்பினால் ஏமாறலாம். பொடுகையும் எண்ணெய்ப் பிசுக்கையும் ஈர் என்று எடுத்துக்கொள்வதும் சாதாரணம். பொடுகை ஊதினால் பறக்கும், விரலால் தள்ளினால் நகரும். ஈரை நகத்தால் இழுத்தாலும் முடியோடு முரண்டு பிடிக்கும். அமெரிக்காவில் பேன் என்று நம்பி நிபுணர்களுக்கு அனுப்பப்பட்ட 614 மாதிரிகளை ஆராய்ந்த ஒரு குழு, அவற்றில் ஐந்தில் மூன்று பங்கில் மட்டுமே பேனோ ஈரோ இருந்ததாகச் சொன்னது. மிச்சம் பொடுகு, அழுக்கு, வேறு பூச்சிகள். பேனே இல்லாத தலைக்கும் மருந்து போடப்பட்டுக்கொண்டிருக்கிறது. ஆகவே மருந்து தொடங்கும் முன் ஓடும் பேன் ஒன்றைக் கண்ணால் பார்ப்பது நல்லது.

பள்ளிகளின் நடைமுறைதான் இந்த விஷயத்தில் மிகவும் பின்தங்கியிருக்கிறது. தலையில் ஈர் இருந்தால் வீட்டுக்கு அனுப்பும் வழக்கம் அமெரிக்கப் பள்ளிகளில் நெடுங்காலம் இருந்தது. இங்கும் விடுதிகளிலும் சில பள்ளிகளிலும் உண்டு. ஜார்ஜியா மாநிலத்தில் ஆரம்பப் பள்ளி மாணவர்களைப் பரிசோதித்து 2001-இல் வெளியிட்ட ஆய்வில், பேன் இல்லாமல் ஈர் மட்டும் இருந்த 50 குழந்தைகளைப் பதினான்கு நாள் கவனித்தார்கள். அவர்களில் 9 பேருக்குத்தான் பிறகு பேன் வந்தது. மற்ற 41 பேரை அனுப்பியிருந்தால் அது வீண் தண்டனை. பேனே இருந்தாலும் பரபரக்க வேண்டியதில்லை. உடையில் வாழும் அதன் ஒன்றுவிட்ட சகோதரன்தான் டைபஸ் காய்ச்சலைப் பரப்புவது. அதைக் கண்டுபிடித்ததற்காக சார்ல் நிக்கோலுக்கு 1928-இல் நோபல் பரிசு கொடுத்தார்கள். தலைப் பேன் அப்படி நோய் பரப்புவதாகக் கருதப்படுவதில்லை. இன்று கண்டுபிடிக்கப்படும் பேன் ஏற்கெனவே சில வாரமாக அதே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது. இன்று மதியம் அந்தப் பிள்ளையை வெளியே நிறுத்துவதால் தடுக்கப்படுவது கொஞ்சம்தான். பேனுக்காக எந்தக் குழந்தையையும் பள்ளியிலிருந்து விலக்கக் கூடாது என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் சொல்கிறது. ஆசிரியர் செய்யக்கூடியது, மாலையில் பிள்ளை வீட்டுக்குப் போகும்போது மடித்த ஒரு சீட்டை யாருக்கும் தெரியாமல் பையில் வைத்து அனுப்புவது. அதில் பேன் இருக்கிறது என்ற செய்தியோடு, முதல் மருந்தை இன்று போடுங்கள் என்பதும், அதிலிருந்து ஒன்பதாவது நாள் எந்தத் தேதியில் வருகிறது என்பதும் எழுதியிருக்க வேண்டும்.